வெயில் எங்கிருந்து வந்தது?

"அம்மா, எனக்குப் பயம் போக மாட்டேங்குதுங்க."

தில்லையம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எதைக் கண்டா பயம்?"

"மரத்தைக் கண்டாங்க."

கோத்தகிரியைத் தாண்டி, எந்தப் பக்கம் திரும்பினாலும் மரமாகவே இருக்கிற ஒரு மலைச்சரிவில், மடத்துக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னவர் சென்னியப்பன். அறுபது வயதைத் தாண்டியவர். ஈரோட்டில் மின்விசிறியும் மிக்ஸியும் விற்ற கடைக்காரர்.

மரத்துக்குப் பயந்தவர் மலைக்கு எதற்கு வந்தார் என்று கேட்கத் தோன்றும். அதற்குக் காரணம் இருந்தது.

ஓர் ஆடி மாதம் அவரும் மனைவி சரசாளும் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. சாலையோரம் இளநீர் விற்றார்கள். சென்னியப்பன் வாங்க இறங்கினார். சரசாள் காரிலேயே இருந்தாள்.

சீவிய இளநீரோடு அவர் திரும்பியபோது கார் மேல் புளியமரம் கிடந்தது.

அதற்குப் பிறகு காற்றென்றாலே அவருக்கு வியர்த்துவிடும். வீட்டு முற்றத்து முருங்கையை வெட்டினார். மரம் இருக்கிற தெரு வழியாகப் போவதை நிறுத்தினார். கடைசியில் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். மகன் டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, தூக்கத்தில் மரம் விழுந்தது.

அப்போதுதான் யாரோ தில்லையம்மாளைப் பற்றிச் சொன்னார்கள். ஒற்றைக் காட்டெருமை வழிமறித்து நின்றதாம். கூட வந்தவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்களாம். அந்த அம்மாள் மட்டும் தொழுவத்து மாட்டைத் தாண்டிப் போவதுபோலப் போனாராம். அவருக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாதாம்.

பயம் இல்லாதவர் எப்படி இருப்பார் என்று பார்த்துவிட வேண்டும் என்று சென்னியப்பன் பெட்டியைக் கட்டினார்.

பார்த்தால், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். மூக்குக் கண்ணாடி. காலில் ரப்பர் செருப்பு. அதிகம் பேசாதவர். எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், பிறகு எதையாவது காட்டுவார். வந்தவர்கள் அதை நாள் முழுவதும் மென்றுகொண்டிருப்பார்கள். அவர் தும்மினால்கூட அதில் ஒரு பொருள் இருக்கும் என்று நம்புகிற பக்தர்கள் உண்டு.

சென்னியப்பனும் பதிலுக்குக் காத்திருந்தார்.

தில்லையம்மாள் உள்ளே போய் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ஒரு செடி. இரண்டே இலை. நடுவில் கரும்பச்சை, ஓரம் முழுக்கப் பால் வெள்ளை.

"ஹோஸ்டா. வெளிநாட்டுச் செடி. நல்லாப் பாத்துக்கிட்டா ஒவ்வொரு இலையும் முறம் அளவுக்கு வரும். ஆனா நிழல்ல இருக்கணும். இந்த வெள்ளை ஓரம் வெயில் தாங்காது. கருகிப் போயிடும்."

"எங்க வைக்கட்டுங்க?"

அவர் வெளியே கை காட்டினார்.

சென்னியப்பன் பார்த்தார்.

தோட்டத்தின் நடுவில் ஒரு காட்டு நாவல் மரம் நின்றது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். அதன் கீழே ஒரு தகரக் கூரைக் குடிசை. குடிசையை ஒட்டி ஓடு வேய்ந்த சமையல்கட்டு. மரம் இரண்டின் மேலும் லேசாகச் சாய்ந்திருந்தது.

"மரத்தடியில வைங்க. நீங்க அந்தக் குடிசையில தங்கிக்குங்க. செடிக்குப் பக்கத்துலயே இருக்கலாம்."

இதுதான் மருந்து என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். கசக்கிற மருந்து. கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

•

குழியை ஆழமாக அல்ல, அகலமாக வெட்டச் சொன்னார் தில்லையம்மாள். அதில் இலைமட்கும் பழைய சாணமும் போட்டு நட்டார் சென்னியப்பன். நாவல் வேர் தண்ணீரை முந்திக் குடித்துவிடும் என்பதால் காலையில் அடியில் தாராளமாக ஊற்றினார்.

ஓடில்லாத நத்தைகள் வந்து இலையைச் சல்லடையாக்கின. விடிந்ததும் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார். செடியைச் சுற்றிச் சாம்பல் தூவினார்.

சாம்பல் கொடுத்தவள் மாதி. பக்கத்து மலைக் கிராமமான ஹட்டியிலிருந்து தினமும் நடந்து வந்து மடத்துக்குச் சமைக்கிறவள். தன் ஊர்க் கதை, மாட்டுக் கதை, மழைக் கதை எல்லாம் அவரிடம் சொல்வாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பதாக அவள் நினைத்தாள். அவர் மரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மரம் சும்மா இருக்கவில்லை. காற்றில் முனகியது. காற்று இல்லாதபோதும் எங்கோ உள்ளுக்குள் ஒரு கிளை இன்னொரு கிளையோடு உரசிக் கிறீச்சென்றது. ஒரு நாவல் பழம் தகரத்தில் விழுந்தாலும் சென்னியப்பனின் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். கட்டிலின் மேல் படுப்பதை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்தார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டார்.

"அம்மா, கூடத்துல ஒரு மூலையில படுத்துக்கட்டுங்களா?"

தில்லையம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்.

"செடி எப்படி இருக்கு?"

அவ்வளவுதான். மரத்தைப் பார்க்காதே, செடியைப் பார் என்கிறார் என்று சென்னியப்பன் புரிந்துகொண்டார். திரும்பி வந்து செடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பயம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

மார்கழியில் இலைகள் மஞ்சளித்துச் சரிந்தன. ஒரு வாரத்தில் தரையோடு தரையாக ஒன்றுமே இல்லை. சென்னியப்பன் பதறிப்போய் ஓடினார்.

"செத்துப் போச்சுங்கம்மா. நான் என்னமோ தப்பாப் பண்ணிட்டனுங்க."

"சாகலை. தூங்குது. குளிர்ல அப்படித்தான்."

அவர் நகரவில்லை.

"நீங்களும் போய்த் தூங்குங்க."

தூங்குவதா? செடிக்கு மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வழி இருந்தது. அவருக்குத் தகரக் கூரைதான் இருந்தது.

•

பங்குனியில் முளை விட்டது. சுருட்டி வைத்த பாய்களைப்போல மண்ணிலிருந்து கூராகக் கிளம்பி, மெல்லப் பிரிந்து, ஓரத்து வெள்ளையைக் காட்டியது. சென்னியப்பன் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரசாள் போன பிறகு அவர் சந்தோஷமாக இருந்த முதல் காலை அது.

அன்று மத்தியானம் கோடைக்காற்று வந்தது. ஒரு கிளை முறிந்து குடிசைக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கியது.

கட்டில் உடைந்தது. அவர் அப்போது சமையல்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கை கழுவாமல் தில்லையம்மாளிடம் போனார்.

"மரத்தை வெட்டிடலாமுங்கம்மா. வேண்டாம்னு சொல்லாதீங்க. கும்பிட்டுக் கேக்கறனுங்க."

தில்லையம்மாள் சன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை.

"நிழலுக்கு என்ன பண்றது?" என்றார்.

சென்னியப்பன் திரும்பி நடந்தார். நிழல் என்பதற்கு என்ன பொருள் என்று வழியெல்லாம் யோசித்தார். ஒருவேளை அருள். ஒருவேளை இந்த உடம்பு. எது என்றாலும் மனம் ஒப்புக்கொண்டது, வயிறு ஒப்புக்கொள்ளவில்லை. பயம் வயிற்றில் இருந்தது.

கூரையைச் சரிசெய்தார்கள். புதுக் கட்டில் வந்தது. மரம் அங்கேயே நின்றது.

•

வேரில் பெருங்காயம் வைத்தால் எப்பேர்ப்பட்ட மரமும் பட்டுப்போகும் என்று அவர் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். சண்டைக்காரன் தோப்பை அழிக்க இப்படிச் செய்வதாகச் சின்ன வயதில் கேட்டிருக்கிறார்.

மாதியின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து கட்டிப் பெருங்காயம் காணாமல் போனது. எலி பெருங்காயமும் தின்னுமா என்று மாதி அவரிடமே கேட்டாள். மலை எலி தின்னும்போல என்றார் சென்னியப்பன். இரண்டு வாரம் மடத்தில் சாம்பார் சப்பென்று இருந்தது.

அடிமரத்தில் துளை போட்டு, பெருங்காயத்தை வைத்து அடைத்து, மேலே மண் பூசினார்.

மரம் பெருங்காயத்தைச் சட்டை செய்யவில்லை. தோட்டம்தான் ரசம் கொதிக்கிற வீடாக மணத்தது. தில்லையம்மாள் ஒருநாள் நடுவழியில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாசனை இது?"

"தெரியலைங்களே."

பொய் சொன்ன அன்று பயம் இரட்டிப்பானது. மரத்துக்குப் பயம், இப்போது மனிதருக்கும் பயம்.

வைகாசியில் தில்லையம்மாளும் மாதியும் சந்தைக்குப் போனார்கள். சென்னியப்பன் அரிவாளை எடுத்தார். முழங்கால் உயரத்தில், அடிமரத்தைச் சுற்றிலும், கையகலத்துக்குப் பட்டையை உரித்தார். உள்ளே மரம் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. தோல் உரித்த உடம்பைப் பார்ப்பதுபோல இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

வேலை முடிந்ததும் ஹோஸ்டாவின் இலைகளை ஒவ்வொன்றாக இழுத்து அந்தக் காயத்தின் மேல் சாய்த்து வைத்தார். பின்பக்கத்துக்குப் புதர் இருந்தது. முன்பக்கத்துக்கு இலை போதவில்லை, மீதியைச் சேறு பூசி மறைத்தார்.

அன்றிலிருந்து அந்தச் செடியை அவர் வளர்த்ததுபோல யாரும் எதையும் வளர்த்திருக்க மாட்டார்கள்.

சாணத்தைக் கரைத்து ஊற்றினார். ஒரு நத்தையை விடவில்லை. காய்ந்த நுனியைக் கத்தரித்தார். கிழக்கே திரும்பின இலையைக் குச்சி வைத்து மரத்தின் பக்கம் திருப்பினார். செடி நன்றிக்கடன் தீர்ப்பதுபோல வளர்ந்தது. இலை சாப்பாட்டுத் தட்டு அளவானது. பிறகு முறம் அளவானது. ஓரத்து வெள்ளை நிழலில் விளக்கு வைத்த மாதிரி தெரிந்தது. கீழே இருந்த காயம் தெரியவே இல்லை.

மடத்துக்கு வந்தவர்கள் செடி முன்னால் நின்று வியந்தார்கள். ஒருவர் படம் எடுத்துக்கொண்டார். இன்னொருவர், இந்தப் பெரியவரிடம் என்ன ஒரு பொறுமை, என்ன ஒரு அன்பு என்று சொல்லி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

சென்னியப்பன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதையும் அடக்கம் என்று சொன்னார்கள்.

மறு மார்கழியில் செடி உள்ளே போய்விட்டது. காயம் வெட்டவெளியில் நின்றது. சருகைக் கூட்டிக் கூட்டி அடிமரத்தில் குவித்தார். செடிக்குக் குளிராதிருக்க என்றார். தில்லையம்மாள் தலையாட்டினார்.

•

அடுத்த பங்குனியில் செடி முளைத்தது. மரம் சரியாகத் துளிர்க்கவில்லை.

பழைய இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. புதியவை வந்தன, சின்னதாக, வெளிறி. சித்திரையில் அண்ணாந்து பார்த்தால் நடுநடுவே வானம் தெரிந்தது.

சென்னியப்பன் நினைத்தது நடந்துகொண்டிருந்தது. அவருக்கு உயிரே போய்விடும்போல இருந்தது.

ஏனென்றால் அவர் ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தார். பட்டுப்போன மரம் மறைந்து போவதில்லை. அது நிற்கும். பச்சை மரம் காற்றில் வளையும். பட்ட மரம் வளையாது. உயிருள்ள மரத்துக்குப் பயந்தவர் இப்போது செத்துக்கொண்டிருக்கிற மரத்தின் கீழே படுத்திருந்தார்.

குடிசையை விட்டுப் போகலாம்தான். போனால் ஏன் என்று கேட்பார்கள். வேறு யாராவது செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருவார்கள். இலையை விலக்குவார்கள். ஆகவே அங்கேயே இருந்தார். மாதி வந்தால் சிரித்தார். மரம் நல்லா இருக்குதா ஐயா என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்குது என்றார்.

சித்திரைக் கடைசியில் வெயில் நேராக இறங்கியது.

முதலில் கருகியது வெள்ளைதான். ஓரங்களில் பழுப்பு வந்தது. காகிதத்தைத் தணலில் காட்டியதுபோல இலை உள்ளுக்குள் சுருண்டது. சென்னியப்பன் பழைய வேட்டியைக் கட்டி நிழல் போட்டுப் பார்த்தார். காற்று அதைப் பறித்துக்கொண்டு போனது.

தில்லையம்மாள் செடியைப் பார்க்க வந்தார்.

குனிந்தார். கருகின இலை ஒன்றை விரலால் தொட்டார். அது நொறுங்கியது. நிமிர்ந்து மேலே பார்த்தார். மூக்குக் கண்ணாடியில் வானம் தெரிந்தது.

"வெயில் எங்கிருந்து வந்துச்சு?" என்றார்.



தில்லையம்மாள் பதிலுக்கு நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்ததைவிட வேகமாகத் திரும்பி நடந்தார்.

வெயில் எங்கிருந்து வந்தது. அந்த வருடத்தில் மடத்துக்கு வந்த மற்றவர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் ஆளுக்கொரு விளக்கம் கொடுத்திருப்பார்கள். சென்னியப்பனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தெரிந்துவிட்டது என்று நினைத்தார். அவருக்கு எல்லாம் தெரியும், நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தார். சொல்லிவிடலாம் என்று கூடம் வரைக்கும் போவார். படியில் செருப்பைக் கழற்றுவார். மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்.

சொன்னால் என்ன ஆகும்? பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். ஈரோட்டுக்குப் போக வேண்டும். காலியான அந்த வீட்டில், வெட்டிப்போட்ட முருங்கையின் அடிக்கட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு இந்தப் பயமே தேவலை என்று இருந்தது.

•

ஆனியில் காற்று வந்தது.

மழைக்காலத்தில் மடத்துக்கு யாரும் வர மாட்டார்கள். தில்லையம்மாள், சென்னியப்பன், காலையில் வந்து மாலையில் போகிற மாதி. மூன்றே பேர்.

அன்று காலை மாதி நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். மரத்தடியில் ஒரு கணம் நின்றாள். குடிசை வாசலில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனைப் பார்த்தாள். அவர் கையசைத்தார். அவள் சமையல்கட்டுக்குள் போனாள். சற்று நேரத்தில் புகை வந்தது.

காற்று வலுத்தது.

சென்னியப்பன் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

செடி மெல்ல மேலே எழுந்தது.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். செடி கீழே இறங்கியது. காற்று வந்தது. மறுபடி எழுந்தது. செடி மட்டும் இல்லை. அதைச் சுற்றின மண், அவர் தூவின சாம்பல், எல்லாம் சேர்ந்து ஒரு சாண் உயர்ந்து அமர்ந்தது. மண் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அடியில் வேர் ஒவ்வொன்றாக அறுகிற சத்தம் கேட்டது.

அவர் எழுந்து ஓடினார்.

வழியில்தான் சமையல்கட்டு. கதவு திறந்திருந்தது. உள்ளே மாதி குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவர் நிற்கவில்லை. கூப்பிடவில்லை. மரத்துக்கு அடியில் ஒரு நொடி நிற்க அவர் கால் சம்மதிக்கவில்லை.

கூடத்துக்குள் போய்த் தில்லையம்மாளின் காலடியில் விழுந்தார்.

"மரத்தைக் கொன்னுட்டனுங்கம்மா. நான்தானுங்க. பட்டையை உரிச்சு விட்டேன். இப்ப விழப் போகுதுங்க. வேர் அறுந்துட்டிருக்குது."

தில்லையம்மாள் முகம் வெளுத்தது.

"மாதி எங்க?"

"சமையல்கட்டுலங்க."

"கூப்பிட்டீங்களா?"

"இல்லைங்க."



"நீங்க போங்கம்மா," என்றார் சென்னியப்பன். "உங்களுக்குத்தான் பயமே கிடையாதுங்களே. நீங்க ஒரு எட்டு போய்க் கூட்டிட்டு வந்துடுங்க."

தில்லையம்மாள் எழுந்திருக்கவில்லை.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று சென்னியப்பன் தலையைத் தூக்கினார். அவர் கண்ணுக்கு நேராகத் தில்லையம்மாளின் முழங்கால்கள் இருந்தன. அவை சேலைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அந்தக் குடிசையில முதல்ல நான்தான் இருந்தேன்," என்றார் தில்லையம்மாள்.

சென்னியப்பனுக்குப் புரியவில்லை.

"ரெண்டு மழைக்காலம் இருந்தேன். காத்து அடிச்சா உட்கார்ந்தே இருப்பேன். குடிசை வேண்டாம்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. ஊரே என்னைப் பயமில்லாதவள்னு சொல்லுது. அப்ப நீங்க வந்து நின்னீங்க, செடி ஒரு சாக்காச்சு. உங்களை அங்க வெச்சுட்டு நான் இங்க வந்துட்டேன்."

"காட்டெருமை..." என்றார் சென்னியப்பன்.

"கண்ணாடி போடலை அன்னிக்கு. மாடுன்னு நினைச்சேன்."

வெளியே மரம் முனகியது. அது இதுவரை கேட்காத முனகல்.

"நிழலுக்கு என்ன பண்றதுன்னு கேட்டீங்களேம்மா. அதுக்கு என்ன பொருளுங்க?"

"வெட்டச் சொன்னா எனக்குப் பயம்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அவர் அழுதுகொண்டிருந்தார். சென்னியப்பன் அந்த அழுகையைப் பார்த்தார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு வருடமாக இந்த மலையில் தான் ஒருவன்தான் நடுங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, பக்கத்தில் இன்னொருவர் நடுங்குவதைப் பார்த்ததும் எங்கிருந்தோ காலுக்கு வலு வந்தது.

எழுந்தார்.

"எந்திரிங்கம்மா."

"என்னால முடியாதுங்க."

"என்னாலயும் முடியாதுங்க. எந்திரிங்க."

கையைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு கையும் ஒரே மாதிரி சில்லிட்டிருந்தன. விடாமல் பிடித்துக்கொண்டே இருவரும் மழையில் இறங்கினார்கள்.

அந்தத் தூரத்தை எப்படிக் கடந்தார்கள் என்று இருவருக்கும் பின்னால் சொல்லத் தெரியவில்லை. தில்லையம்மாளின் கண்ணாடி வழியில் விழுந்தது. சென்னியப்பன் சத்தமாகச் சரசாள் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடினார். மரத்தடியில் மண் இப்போது முழங்கால் உயரத்துக்கு எழுந்து எழுந்து அமர்ந்தது. ஹோஸ்டா பக்கவாட்டில் சாய்ந்து, வேர் வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

மாதி உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அரிசி, அரிசி என்று அவள் கத்தினாள். கேட்கவில்லை. வாசலைத் தாண்டி, குடிசையைத் தாண்டி, கூடத்துப் படியில் மூவரும் சேர்ந்து தடுக்கி விழுந்தார்கள்.

நாவல் மரம் அவசரப்படாமல் சாய்ந்தது. ஒரு நீண்ட கிழிசல் சத்தம். பிறகு சமையல்கட்டும் குடிசையும் இருந்த இடத்தில் கிளைகள் மட்டும் இருந்தன. ஓட்டுச்சில்லுகளுக்கு நடுவிலிருந்து அடுப்புப் புகை கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

மழை பெய்தது.

மாதிதான் முதலில் அசைந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். விழுந்த மரத்தைப் பார்த்தாள்.

சென்னியப்பன் அவள் பக்கம் திரும்பினார். சொல்லிவிட வேண்டும். பட்டையை உரித்ததை, கதவைத் தாண்டி ஓடியதை, எல்லாவற்றையும். வாயைத் திறந்தார்.

மாதி அதற்குள் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எனக்கு அந்த மரத்தைக் கண்டா தினமும் வயித்தைக் கலக்கும் ஐயா. வேலையே வேண்டாம்னு எத்தனையோ நாள் பாதி வழியில திரும்பியிருக்கேன். ஐயாவே அதுக்கடியில படுத்துத் தூங்கறாரே, அவருக்கு இல்லாத பயமா நமக்குன்னுதான் வந்துக்கிட்டிருந்தேன்."